பட்டனா, டிவியா, நெட்டா, நாமா? சண்டை கேம் ஆடும் கல்லூரிக் கூட்டத்துக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

விடுதி அறையில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8, கில்ட்டி கியர் ஸ்ட்ரைவ் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துப் போட்டி போட ஆரம்பித்தால், முதல் மாதம் முழுக்க இரண்டு புகார்தான் காதில் விழும். ஒன்று "லேக்". மற்றது "எனக்குக் கை வரலைடா". இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். லேக் என்று சொல்லப்படுவது பல நேரம் கைத்தவறு. கை வரவில்லை என்று சொல்லப்படுவது பல நேரம் டிவியின் கோளாறு.

யார் பக்கம் தவறு என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. பயிற்சி மோடில் இன்புட் டிஸ்ப்ளேயை ஆன் செய்தால், நீங்கள் தொட்ட ஒவ்வொரு திசையும் பட்டனும் திரையோரம் வரிசையாக விழும். எதைச் சரிசெய்யப் போனாலும் முதலில் அதைப் பாருங்கள். அழுத்தியது பட்டியலில் இல்லை அல்லது வேறாக இருக்கிறது என்றால் கோளாறு கையிலோ கன்ட்ரோலரிலோ. பட்டியல் சரி, ஆனால் எல்லாமே கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் திரை. பட்டியலும் சரி, மூவும் சரி, அப்படியும் தோற்கிறோம் என்றால் முடிவெடுப்பதில் கோளாறு. இந்த வரிசையில்தான் போக வேண்டும். பின்னாலிருந்து தொடங்குகிறவர்கள் கேரக்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், தோல்வி மாறாது.

கீழே வரும் எண்கள் கீபோர்டின் நம்பர் பேட் அமைப்பில் உள்ளவை. உங்கள் கேரக்டர் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால் 5 நடு, 6 முன்னால், 4 பின்னால், 2 கீழே, 8 மேலே, 3 கீழ்-முன் மூலை. உதாரணங்களைப் பெரும்பாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இலிருந்து எடுத்திருக்கிறோம்.

அறிகுறி: ஃபயர்பால் போட்டால் ஷோர்யுகென் வருகிறது

ரியூ, கென் எடுக்கிற எல்லோருக்கும் வருகிற வியாதி இது. ஃபயர்பால், அதாவது எதிராளியை நோக்கிப் பறக்கும் பந்து, 236 பஞ்ச். ஷோர்யுகென், அதாவது மேலே எழும்பிக் குத்தும் அடி, 623 பஞ்ச். எதிராளியை நோக்கி நடந்துகொண்டே ஃபயர்பால் போட்டால் பட்டியலில் 6, 2, 3, 6 என்று விழும். அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது. கேம் கடினமான மூவுக்கு முன்னுரிமை கொடுப்பதால் நீங்கள் கேட்காத ஷோர்யுகென் காற்றில் பறக்கிறது, கீழே இறங்கும் இடத்தில் எதிராளி காத்திருக்கிறார்.

சரிசெய்ய: நடப்பதை நிறுத்தி, விரலை ஒரு கணம் 5-க்கு விட்டு, அப்புறம் 2-இலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் 6-க்கும் 2-க்கும் நடுவே 5 என்ற வரி தெரிய வேண்டும். அந்த வரி பக்கத்தில் ஓடும் எண் எத்தனை ஃப்ரேம் (விநாடியில் அறுபதில் ஒரு பங்கு) விட்டீர்கள் என்று சொல்லும். அது ஓரிரண்டிலேயே நின்றால் இடைவெளி போதவில்லை, கூட்டிக்கொண்டே போய் ஷோர்யுகென் வருவது நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வெறும் பஞ்ச் மட்டும் வந்தால் பட்டியலில் 3 இருக்கிறதா என்று பாருங்கள். 2, 6 என்று தாவியிருந்தால் மூலை விட்டுப்போயிருக்கிறது. கீபோர்டிலும் லெவர்லெஸ் கன்ட்ரோலரிலும் (ஸ்டிக் இல்லாமல் திசைக்கும் பட்டனே உள்ளது) இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அங்கே 3 என்று தனிப் பட்டன் கிடையாது. கீழ் பட்டனைப் பிடித்தபடியே முன் பட்டனையும் அழுத்தி, அப்புறம்தான் கீழ் பட்டனை விட வேண்டும். 2, 3, 6, 9 என்று கேரக்டர் குதித்துவிட்டால் கட்டைவிரல் அளவுக்கு மீறிச் சுழல்கிறது. அனலாக் ஸ்டிக்கை விட்டு டி-பேடுக்கு மாறினாலே பலருக்கு இது பாதி குறைந்துவிடும்.

கைல் மாதிரி சார்ஜ் கேரக்டர் என்றால் கதை வேறு. 4-ஐ சுமார் முக்கால் விநாடி பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் அரை விநாடியிலேயே 6-க்குப் போய்விடுவார்கள், பட்டியலில் 4-க்குப் பக்கத்தில் உள்ள எண் காட்டிக்கொடுத்துவிடும்.

கீபோர்டில் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். விலை குறைந்த மெம்பரேன் கீபோர்டுகளில் சில மூன்று விசைக் கூட்டுகள் பதிவே ஆகாது. இரண்டு திசையைப் பிடித்தபடி இரண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒன்று விழவில்லை என்றால் உங்கள் தவறே இல்லை. பட்டன்களை வேறு விசைகளுக்கு மாற்றுங்கள்.

ஒரு மூவ் 'வருகிறது' என்று சொல்ல எங்கள் அளவுகோல்: இடப்பக்கம் தொடர்ந்து 10, வலப்பக்கம் தொடர்ந்து 10. ஒன்று தப்பினால் பூஜ்யத்திலிருந்து. வலப்பக்கத்தில் எல்லாம் கண்ணாடி பிம்பமாகத் திரும்புவதால் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் உடையும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் எளிய பட்டன் அமைப்பான மாடர்ன் கன்ட்ரோலை எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஒரே பட்டனில் வரும் ஸ்பெஷலுக்கு சேதம் 80 சதவீதம்தான், கேரக்டரின் சில சாதாரண அடிகளும் கிடைக்காது, அவ்வளவே. அதைப் பயன்படுத்துகிறவரை நக்கலடிக்கும் நண்பர், பெரும்பாலும் அவரிடம் தோற்றவராகத்தான் இருப்பார்.

அறிகுறி: எல்லாமே லேட்டாக வருகிறது, என் லேப்டாப்பில் இப்படி இல்லை

சண்டை கேம்கள் விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுபவை. ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவிநாடி. பொது அறையில் இருக்கும் டிவி படத்தை மெருகேற்றுவதற்காக 80 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், நீங்கள் 5 ஃப்ரேம் பழைய சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட், அதாவது எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் கனமான அடி, 26 ஃப்ரேமில் வந்து விழும், அதாவது 0.43 விநாடி. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 12 முதல் 15 ஃப்ரேம் ஆகும். நல்ல திரையில் பதில் கொடுக்க 10 ஃப்ரேமாவது மிச்சம் இருக்கும். அந்த டிவியில் மிச்சம் 6 முதல் 9 வரைதான். கேமின் சொந்தத் தாமதம் அதிலும் கொஞ்சம் தின்னும். "எனக்கு ரியாக்‌ஷன் இல்லை" என்று முடிவுகட்டும் முன் டிவியை அளந்துவிடுங்கள்.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஸ்லோமோஷன் 240 ஃப்ரேமில் எடுக்கும் போன் போதும்.

1. பட்டனும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போனை நிறுத்துங்கள்.
2. லைட் பஞ்சை நன்றாக இடைவெளி விட்டு 10 முறை அழுத்துங்கள்.
3. வீடியோவைப் படம் படமாக நகர்த்தி, பட்டன் அடியில் முட்டிய படத்திலிருந்து கேரக்டரின் தோள் முதலில் அசையும் படம் வரை எண்ணுங்கள். பத்துக்கும் சராசரி எடுங்கள்.
4. அதே கன்சோல், அதே கன்ட்ரோலர், வேறு மானிட்டர். மறுபடி எண்ணுங்கள்.

இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை 4-ஆல் வகுத்தால் டிவி எத்தனை ஃப்ரேம் தின்கிறது என்று தெரிந்துவிடும். முதல் எண்ணைத் தனியாக வைத்துப் பயப்பட வேண்டாம், அதில் கேமின் தாமதமும் கன்ட்ரோலரின் தாமதமும் கலந்திருக்கின்றன. வித்தியாசம் மட்டும்தான் பேசும். மானிட்டருக்குப் பதில் லேப்டாப்பை வைக்கலாம் என்று கன்சோலின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பார்ப்பார்கள். லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது.

மருந்து பெரும்பாலும் ரிமோட்டிலேயே இருக்கிறது: கேம் மோட். பல டிவிகளில் இது ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி. நேற்று ஆன் செய்துவிட்டு இன்று வேறு துளையில் செருகினால் பழைய தாமதம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். பிசியில் வி-சிங்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போகவைக்கும் அமைப்பு) அணையுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் 'இன்புட் டிலே ரிடக்‌ஷன்' தேர்வு இருந்தால் ஆன் செய்யுங்கள். சண்டை நடக்கும்போது 60-க்குக் கீழே இறங்காத அளவுக்கு கிராஃபிக்ஸைக் குறையுங்கள். அழகான நிழல்கள் யாரையும் ஜெயிக்கவைத்ததில்லை. மேட்சை ரெக்கார்ட் செய்பவர்கள் கேப்சர் மென்பொருளின் முன்னோட்ட ஜன்னலைப் பார்த்து ஆடக்கூடாது, கேப்சர் கார்டின் பாஸ்த்ரூ துளையிலிருந்து நேராகத் திரைக்குக் கொடுங்கள்.

அறிகுறி: ஒருவர் அழுத்தினால் இன்னொருவர் கேரக்டர் அசைகிறது, நடுவில் கன்ட்ரோலர் கழன்றுகொள்கிறது

பிசியில் ஒரே அழுத்தம் இரண்டு முறை பதிவானாலோ, இரண்டு கேரக்டரும் சேர்ந்து அசைந்தாலோ ஸ்டீம் இன்புட்டைச் சந்தேகியுங்கள். கன்ட்ரோலரை கேமும் நேராகப் படிக்கிறது, ஸ்டீமும் ஒரு போலி கன்ட்ரோலராக மாற்றிக் கொடுக்கிறது. லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர் போய் ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள். சில பழைய கன்ட்ரோலர்களுக்கு நேரெதிர், அது ஆன் ஆனால்தான் கேமுக்கே தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் 5-இல் கேபிள் செருகியிருந்தாலும் கன்ட்ரோலர் புளூடூத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் ஆக்சசரீஸ், அங்கே கன்ட்ரோலர், கம்யூனிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் 'யூஸ் யுஎஸ்பி கேபிள்' தேர்ந்தெடுங்கள். அப்படியும் வேலை செய்யவில்லையா? கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. பழைய டூயல்ஷாக் 4-ஐ எடுத்து வருபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பிளேஸ்டேஷன் 5 பதிப்பு கேம்களில் அது எடுபடாது.

எதுவும் தொடாமலே பட்டியலில் 6 ஓடிக்கொண்டிருந்தால் அனலாக் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது.

அறிகுறி: ஆன்லைனில் நண்பன் டெலிபோர்ட் ஆகிறான்

ரோல்பேக் நெட்கோட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி சண்டை தீரும். எதிராளியின் அழுத்தம் வந்து சேரும்வரை கேம் காத்திருக்காது. "போன ஃப்ரேமில் செய்ததையே செய்துகொண்டிருப்பான்" என்று ஊகித்து ஓட்டும். உண்மை வந்ததும் ஊகம் தப்பென்றால், பின்னால் போய்த் திருத்தி மறுபடி ஓட்டும். அந்தத் திருத்தம் பெரிதாக இருக்கும்போதுதான் ஆள் தாவுவதுபோல் தெரிகிறது. டோனி கேனன் 2006-இல் கொண்டுவந்த ஜிஜிபிஓ இந்த முறையைப் பரப்பியது. 2019-இல் அதன் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது.

அதனால் சராசரி பிங்கைவிட (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிவிநாடி) அதன் நிலைத்தன்மைதான் முக்கியம். அசையாத 80, 20-க்கும் 150-க்கும் ஊஞ்சலாடும் பிங்கைவிட எவ்வளவோ மேல்.

யார் பக்கம் கோளாறு என்று பார்க்க, இருவரும் அவரவர் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அவரவர் ரவுட்டரின் முகவரிக்கு, அதாவது டிஃபால்ட் கேட்வேக்கு, இரண்டு நிமிடம் பிங் ஓடவிடுங்கள். லேன் கேபிளில் அது 1 மில்லிவிநாடி பக்கத்திலேயே நிற்கும். வைஃபையில் 3, 4, 3, 97, 5, 140 என்று எகிறினால் கோளாறு அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும் சர்வரைத் திட்டிப் பயனில்லை. லேன் கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறி ரவுட்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

டெலிபோர்ட்கூட இல்லை, இணைப்பே கிடைக்கவில்லை என்றால் பல்கலைக்கழக நெட்வொர்க்கின் விதிகளைப் பாருங்கள். இந்த கேம்களில் சண்டை பெரும்பாலும் இரண்டு கருவிகளுக்கு நடுவே நேராக, யுடிபி என்ற தகவல் பரிமாற்ற முறையில் நடக்கிறது. விடுதி வைஃபைகளில் பல இதை அடைத்துவைத்திருக்கும், சிலவற்றில் ஒரே தளத்தில் இருக்கும் இரண்டு கருவிகளே ஒன்றையொன்று பார்க்க முடியாது. போனை யுஎஸ்பி டெதரிங் செய்து ஒரு முறை இணைத்துப் பாருங்கள். அதில் கிடைத்தால் நெட்வொர்க் பிரிவுக்குத்தான் மனு போட வேண்டும். சுவரில் உள்ள துளையில் சொந்த ரவுட்டரின் லேன் துளையைச் செருகிவிடாதீர்கள். அது முகவரிகளைத் தானே வழங்க ஆரம்பித்து, மாடி முழுக்க நெட் போய்விடும், உங்கள் அறையைத் தேடி ஆள் வரும்.

அறிகுறி: பயிற்சியில் வரும் காம்போ மேட்சில் வரவில்லை

காம்போ என்பது தடுக்க இடம் கொடுக்காமல் தொடர்ந்து விழும் அடிகள். பயிற்சியில் முதல் அடி படும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். மேட்சில் தெரியாது. டம்மியின் (பயிற்சி மோடில் எதிரே நிற்கும் கேரக்டர்) காப்பை 'ரேண்டம்' என்று வையுங்கள். முதல் இரண்டு அடி பட்டால் காம்போவைக் கடைசிவரை போடுங்கள், பிளாக் ஆனால் அங்கேயே நிறுத்துங்கள். இதைத்தான் ஹிட் கன்ஃபர்ம் என்கிறார்கள். 12 அடி காம்போ ஒன்று பத்தில் மூன்று முறை வருவதைவிட, 4 அடி காம்போ பத்துக்குப் பத்து வருவது அதிக சேதம். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அறிகுறி: ஒரே மூவில் திரும்பத் திரும்பச் சாகிறேன்

பொதுவாகப் பயிற்சி செய்வதால் இது தீராது. அந்த மூவையே பிடித்து வந்து கட்டிப்போட வேண்டும்.

தோற்ற மேட்சின் ரீப்ளேயைத் திறந்து, உயிர் போன இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தோல்விக்குள் ஒரே மூவ் மறுபடி மறுபடி வருவது தெரியும். அதைப் பயிற்சி மோடில் டம்மிக்குப் பதிவு செய்யுங்கள். எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான்: அந்த மூவை மட்டும் பதிவு செய்து பதில் கொடுத்துப் பழகுவார்கள். அது வரும் என்று தெரிந்தபின் பதில் கொடுப்பதில் என்ன இருக்கிறது? குறைந்தது மூன்று பதிவு வேண்டும். டிரைவ் இம்பாக்ட் என்றால், முதல் பதிவில் டம்மி முன்னால் நடந்து நிற்கட்டும். இரண்டாவதில் இரண்டு ஜேப் (வேகமான லைட் பஞ்ச்). மூன்றாவதில் ஒரு ஜேப்புக்குப் பின் இம்பாக்ட். மூன்றையும் ரேண்டமாக ஓடவிட்டு, நீங்களும் சும்மா நிற்காமல் வழக்கம்போல் அடித்து ஆடிக்கொண்டே பதில் கொடுங்கள்.

இம்பாக்ட் இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டு வரும். அதனால் பதற்றத்தில் பட்டனை அழுத்துவது உதவாது. பதில் இம்பாக்ட் கொடுக்கலாம், பக்கத்தில் இருந்தால் த்ரோ போடலாம், தள்ளி இருந்தால் குதிக்கலாம். சுவரோரம் நின்றுகொண்டு பிளாக் செய்யாதீர்கள், சுவரில் மோதிக் காம்போ வாங்குவீர்கள். இம்பாக்ட் போன்றவற்றுக்குச் செலவாகும் அளவுப் பட்டையான டிரைவ் கேஜின் ஆறு கட்டமும் தீர்ந்த நிலையில் (பர்ன்அவுட்) அப்படி மோதினால் ஸ்டன் ஆகிவிடும், அதாவது கொஞ்ச நேரம் அசைய முடியாது.

ஃபயர்பாலையே வீசிக்கொண்டிருப்பவரிடம் தோற்பவர்கள் இரண்டு வகை. தூரத்திலிருந்தே குதிப்பவர்கள், நின்ற இடத்திலேயே பிளாக் செய்பவர்கள். இரண்டுமே அவர் கேட்டதுதான். பிளாக் செய்து ஓரடி நடங்கள், மறுபடி பிளாக், மறுபடி ஓரடி. அவருடைய கால் எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே வந்தபின் ஒரே ஒரு குதி. அந்தத் தூரத்தில் அவர் ஃபயர்பால் வீசப் பயப்படுவார், பயந்தாலே உங்களுக்கு லாபம்.

அறிகுறி: நான் அழுத்துகிறேன், அவன் அடிதான் முதலில் வருகிறது

சின்னக் கழித்தல் கணக்கு போதும், இது தீர்ந்துவிடும். உங்கள் அடியை அவர் பிளாக் செய்தார், அந்த அடி பிளாக்கில் மைனஸ் 3. அதாவது அவர் உங்களைவிட 3 ஃப்ரேம் முன்னால் அசைவார். இருவரும் உடனே 4 ஃப்ரேம் ஜேப் போட்டால் அவருடையது 4-இல் வரும், உங்களுடையது அவர் கணக்கில் 7-இல். வேகமாக அழுத்தி இதை ஜெயிக்கவே முடியாது. அது அவருடைய முறை, பிளாக் செய்யுங்கள். அதே அடி மைனஸ் 4 அல்லது அதற்கும் கீழே என்றால் நிலைமை இன்னும் மோசம்: அவருடைய 4 ஃப்ரேம் ஜேப் எட்டும் தூரத்தில் இருந்தால் உங்களால் பிளாக்கூடச் செய்ய முடியாது. பயிற்சி மோடில் ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டும் ஃப்ரேம் மீட்டரை ஆன் செய்து, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஐந்து அடிக்கு மட்டும் இந்த எண்ணைப் பார்த்து எழுதிவையுங்கள். முழு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். அப்டேட் வந்தால் எண்கள் மாறும்.

அறிகுறி: ஒருவனே ஜெயிக்கிறான், மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்

'ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான்' என்ற விதிதான் பெரும்பாலும் கூட்டத்தைக் கலைக்கிறது. ஆறு பேர், ஒரு கன்சோல், ஒருவர் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எல்லா மேட்சும் ஆடுவார். மற்ற ஐந்து பேருக்கு ஐந்து மேட்சுக்கு ஒன்று கிடைக்கும், அதுவும் இரண்டே நிமிடத்தில் முடியும் தோல்வி. யார் அதிகம் கற்க வேண்டுமோ அவர்தான் அதிகம் வேடிக்கை பார்க்கிறார்.

இரண்டு மேட்ச் ஆடியதும் இருவருமே எழுந்திருக்கும்படி மாற்றுங்கள். அல்லது எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும்: ஆறு பேருக்கு 15 செட், தலைக்கு 5. இரண்டாவது கன்சோல் கிடைத்தால் அதைப் புதியவர்களுக்கே ஒதுக்குங்கள். ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு பேர் ஆடும் மேட்சில்தான் பாடம் அதிகம். கெட்டிக்காரர் வேண்டுமென்றே தோற்க வேண்டாம், தோற்றவருக்கு அது தெரிந்துவிடும். அவர் தனக்குப் பழக்கமில்லாத கேரக்டரை எடுக்கட்டும். மேட்ச் நடக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று "குதிடா, பிளாக் பண்ணுடா" என்று கத்துவதற்குத் தடை போடுங்கள். முடிந்தபின் ஒரே ஒரு ஆலோசனை, அதுவும் கேட்டால்.

அறிகுறி: டோர்னமெண்ட் நள்ளிரவு வரை இழுக்கிறது

டபுள் எலிமினேஷனில், அதாவது இரண்டு முறை தோற்றால்தான் வெளியேறும் முறையில், 8 பேருக்கு 14 அல்லது 15 செட், 16 பேருக்கு 30 அல்லது 31. கிராண்ட் ஃபைனலில் லூசர்ஸ் பக்கத்திலிருந்து (ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் பக்கம்) வந்தவர் ஜெயித்தால் பிராக்கெட் (யாருடன் யார் என்ற அட்டவணை) ரீசெட் ஆகிக் கூடுதலாக ஒன்று. இரண்டு வெற்றிக்கு ஆடும் ஒரு செட்டுக்கு, மாற்றி உட்காரும் நேரத்தையும் சேர்த்து 7 நிமிடம் வையுங்கள். 15 செட் ஒரே கன்சோலில் ஒன்றே முக்கால் மணி நேரம். கன்சோல் இரண்டானால் நேரம் சரிபாதி ஆகாது, கடைசிச் சில செட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும்.

இழுப்பது மேட்ச் அல்ல, மேட்சுக்கு நடுவே நடப்பது. பட்டன் அமைப்பைச் சரிபார்க்க முதல் மேட்சுக்கு முன் ஒரு நிமிடம் கொடுங்கள், தொடங்கியபின் கிடையாது. ஆடி எழுந்தவர் தன் வயர்லெஸ் கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் போக வேண்டும். பையில் கிடக்கும் கன்ட்ரோலரின் பட்டன் அழுந்தி, அடுத்தவர்கள் ஆடும் மேட்ச் நடுவில் நிற்பது அடிக்கடி நடக்கும். சண்டை நடுவே பாஸ் விழுந்தால் அந்த ரவுண்டு போச்சு என்ற விதியை ஆரம்பத்திலேயே படித்துக்காட்டுங்கள். ஜெயித்தவர் கேரக்டரை மாற்றக்கூடாது, தோற்றவர் மாற்றலாம் என்பதையும் சேர்த்து. கெட்டிக்காரர்கள் இருவரையும் பிராக்கெட்டின் எதிரெதிர்ப் பாதியில் வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல மேட்ச் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும், பார்க்க வந்தவர்கள் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.